பென்னாகரத்துப் பாதாள அறை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் நீங்கள் பிரயாணம் செய்ததுண்டா? ஒகேனக்கல் அருவியைப் பார்க்கப் போயிருந்தால் அநேகமாக அந்த வழியாகத்தான் போயிருப்பீர்கள். ஆனால் அருவி நினைப்பிலேயே போகிறவர்களுக்கு வழி கண்ணில் படுவதில்லை. அடுத்த தடவை போனால் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் புளிய மரங்கள், அவற்றுக்கு அப்பால் கேழ்வரகுக் கொல்லைகள், நடுநடுவே மாந்தோப்புகள் என்று இண்டூரைத் தாண்டியும் கண்ணுக்கு விருந்துதான். வேலிகளைப் பாருங்கள். நம் ஊர்ப்பக்கம் முள்ளைக் கட்டுவோம். இந்த ஜில்லாவில் பல இடங்களில் கருங்கல்லைப் பாளம் பாளமாகப் பிளந்து, ஆளுயரத்துக்கு வரிசையாக நட்டுவிடுகிறார்கள். கல் அவ்வளவு தாராளம்!

அந்தக் கல்லால் ஒரு குடும்பத்துக்கு எத்தகைய சங்கடம் நேர்ந்தது, அது எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கல் வீடு

பென்னாகரத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. தந்தி இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் தேசத்தில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள் அல்லவா? அன்றைக்கு வீட்டில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டதைப் போல மனிதர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். இன்றைக்கும் பேசும்போது விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டேதான் பேசுவார்.

"வீட்டில் ஒரு விசித்திர நோய் வந்திருக்கிறது. வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டிருந்தார். யாருக்கு என்ன உடம்போ என்று பதறிக்கொண்டு போனேன். நோய் வந்திருந்தது மனிதருக்கு அல்ல. வீட்டுக்கு!

வீடு சரிவில் கட்டியது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே கட்டு. உள்ளே போய்ப் பதினான்கு படி இறங்கினால் இன்னொரு வீடே இருக்கிறது. மூன்று பக்கமும் மண்ணோடு ஒட்டிய இரண்டடிக் கருங்கல் சுவர். நாலாவது பக்கத்தில் ஒரு கதவும் ஒரு ஜன்னலும். அவற்றுக்கு எதிரே நான்கு முழ தூரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பாறை. சிநேகிதருடைய தகப்பனார் காலத்தில் அது புளியும் கேழ்வரகும் சேமிக்கிற இடம். இப்போது கழுவி, வெள்ளையடித்து, தரை போட்டு, குளியலறையும் கட்டிக் குடியிருக்கிறார்கள். ஊரார் 'அண்டர்கிரவுண்டு' என்கிறார்கள். சிநேகிதர் 'பாதாள லோகம்' என்கிறார்.

அந்தப் பாதாளத்தில் இருக்கிற சுகத்தை என்னவென்று சொல்வது! சித்திரை வெயிலில் மேலே தளம் கொதிக்கிறது. கீழே மண்பானைக்குள் உட்கார்ந்தாற்போல் ஜில்லென்றிருக்கிறது. சிநேகிதரின் சம்சாரத்துக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது. ஆகவே அந்த அம்மாள் கீழேயே வாசம். துணைக்குப் பேத்தி. பிளஸ் டூ படிக்கிற பெண். இருவரும் அங்கேதான் படுக்கிறார்கள்.

"எல்லாம் சரி. நோய் என்ன?" என்று கேட்டேன்.

"உங்கள் போனை எடுத்துப் பாருங்கள்" என்றார்.

எடுத்தேன். மேலே இருந்தபோது நாலு கோடு காட்டிய போன், கீழே வந்ததும் ஒரு கோடுகூட இல்லாமல் பரிதாபமாக விழித்தது. சரி, வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே என்று பார்த்தால், அதுவும் வருவதும் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடிவிட்டு மறைந்தது.

இது வெறும் பொழுதுபோக்கு நஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தேன். அப்போது அந்தப் பெண் சொன்னாள்:

"போன மாசம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்குப் பாட்டிக்கு மூச்சு முட்டிச்சு, மாமா. தாத்தாவுக்குப் போன் போட்டேன், போகலை. கத்தினேன், அவருக்குக் காது கேட்காது. கரண்டும் இல்லை. பாட்டியைத் தனியா விட்டுட்டு இருட்டிலே படி ஏறி ஓடினேன். திரும்பி வர வரைக்கும் பாட்டி இருப்பாங்களான்னு..."

மேலே சொல்லவில்லை. பாட்டியம்மாள் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டு, "அதான் பொழைச்சுட்டேனே, விடு கண்ணு" என்றாள். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மூன்று பெட்டிகள்

சிநேகிதர் சும்மா இருந்துவிடவில்லை. மேல்மாடத்தில் இருந்த வைஃபை பெட்டியை மாற்றி, நாலு கொம்பு முளைத்த பெரிய பெட்டி ஒன்று வாங்கினார். பிரயோஜனமில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று, அலையை வாங்கித் திருப்பி அனுப்புகிற 'ரிப்பீட்டர்' ஒன்று வாங்கிப் பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். பச்சை விளக்கு அழகாக எரிந்தது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

"பெட்டிக்காரன் ஏமாற்றிவிட்டானா, அல்லது எனக்குத்தான் புத்தி போதவில்லையா?" என்று கேட்டார்.

எனக்கும் அப்போது பதில் தெரியாது. "நாளைக்கு ஒகேனக்கல் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து யோசிப்போம்" என்றேன். மூளை வேலை செய்யாத சமயத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என் வழக்கம். அதற்கு ஒகேனக்கலை விட உத்தமமான ஸ்தலம் ஏது?

இறங்க இறங்க

பென்னாகரம் மேட்டுப் பூமி. அங்கிருந்து ஒகேனக்கலுக்கு மலைச் சாலையில் இறங்க வேண்டும். இரு புறமும் காடு. பஸ் வளைவு வளைவாக இறங்குகிறது. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலு கோடு மூன்றாயிற்று. ஒரு வளைவில் ஒன்றாயிற்று. அடுத்த வளைவில் சுத்த சூனியம். இன்னும் சிறிது தூரத்தில் மரங்களுக்கு இடையே வெளி தெரிந்தது. உடனே இரண்டு கோடு எட்டிப் பார்த்தது! பென்னாகரத்துப் பதினான்கு படியையே பத்து மைல் நீளத்துக்கு இழுத்துவிட்டாற்போல் எனக்குத் தோன்றியது.

ஒகேனக்கலில் ஆனந்தமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். அங்கே தேய்த்துவிடுகிறவர்கள் நம் முதுகைத் தாளம் போடுகிற மிருதங்கமாகவே நினைக்கிறார்கள். பிறகு பரிசல் ஏறினோம். மூங்கில் பின்னிய வட்டத் தட்டு. முன்காலத்தில் அடியில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் படுதா. வெள்ளம் அதிகமானால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குக் காவேரித் தாய் சாந்தமாக இருந்தாள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். நடுவே பச்சைத் தண்ணீர். அண்ணாந்து பார்த்தால் ஒரு கீற்று ஆகாயம்.

"இங்கே போன் எடுக்குமா?" என்று பரிசல்காரரைக் கேட்டேன்.

"இந்தப் பள்ளத்துல டவரு எடுக்காது சாமி. அந்தத் திருப்பத்துக்குப் போனா கொஞ்சம் வரும்."

"அவசரமென்றால் என்ன செய்வீர்கள்?"

"கூவுவோம். திருப்பத்துப் பாறை மேல ஒரு ஆளு இருந்தா, அவருக்குக் கேக்கும். அவரு அந்தாண்ட இருக்கிறவருக்குச் சொல்லுவாரு. என் பக்கத்துலயே ஒக்காந்திருக்கிற ஆளு கூவி என்ன சாமி பிரயோசனம்? அவருக்கும் நான் இருக்கிற பள்ளந்தானே?"

எனக்குச் சுரீர் என்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டிய ரிப்பீட்டர் நினைவுக்கு வந்தது. அது கேட்டதைத்தானே திருப்பிச் சொல்லும்? பள்ளத்துக்குள் அதற்கே ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எதைச் சொல்வது? அதைத் திருப்பத்தில் அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்!

அலையின் குணம்

ராத்திரி திரும்பி வந்து சிநேகிதரிடம் இதைச் சொன்னேன். அவர் லேசில் விடுகிறவரா?

"ஜகதீச சந்திர போஸ் 1895-லேயே கல்கத்தா நகர மண்டபத்தில் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அவருக்குச் சுவர் வழிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் விடவில்லை?"

நல்ல கேள்வி. நேயர்களே, உங்களில் எத்தனையோ பேர் வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கும். ஆகையால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

காற்றில் வருகிற அலைகள் எல்லாம் ஒரே ஜாதிதான். ஆனால் அளவு வேறு. அந்த நாளில் நாம் டிரான்சிஸ்டரில் கேட்ட திருச்சி வானொலியின் மத்திய அலை ஒவ்வொன்றும் சுமார் 320 மீட்டர் நீளம். அது மலைப்பாம்பு மாதிரி. மேடு பள்ளங்களை வளைந்து அணைத்துக்கொண்டு போகும். நம் வைஃபை பெட்டி இரண்டு வித அலைகளை விடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் என்பது சுமார் 6 சென்டிமீட்டர். இவை சிட்டுக்குருவிகள். நேராகப் பறக்கத்தான் தெரியும். மூலை முடுக்கில் திரும்புகிற சாமர்த்தியம் குறைவு. வேகத்தில் 5 கெட்டிக்காரன். சுவரைத் துளைப்பதில் 2.4 தேவலை.

காய்ந்த செங்கல், மரக்கதவு, கண்ணாடி ஆகியவை அலையைக் கொஞ்சம் சோர்வடையச் செய்துவிட்டு விட்டுவிடும். ஈரத்துக்கோ அந்தத் தயவு கிடையாது. அலையை அப்படியே குடித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு ஏறக்குறைய இதே 2.4 அலையால்தான் சோற்றிலுள்ள தண்ணீரைச் சூடாக்குகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இரும்பு இருக்கிறதே, அது அலையைத் திருப்பி அடித்துவிடும். சிநேகிதருடைய கீழ்க்கட்டுக்கு மூன்று பக்கம் ஈர மண், அதற்கு முன்னால் இரண்டடிக் கல், தலைக்கு மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். போதாக்குறைக்கு மேலே வைஃபை பெட்டியை அவர் வைத்திருந்தது எங்கே தெரியுமா? இரும்பு பீரோவுக்குப் பின்னால்!

"பெரிய பெட்டி வாங்கினேனே?" என்றார்.

பெட்டி பெரிதாகக் கத்தினால் மட்டும் போதாது. சம்பாஷணை என்றால் இரண்டு பேர் பேச வேண்டும். கீழே இருக்கிற போனின் மெல்லிய குரலும் மேலே எட்ட வேண்டும். நீங்கள் ஒலிபெருக்கி வைத்துப் பேசினாலும், பாட்டியம்மாள் முணுமுணுப்பது உங்களுக்குக் கேட்காதல்லவா?

மலையில் இருப்பவர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் மலைப்பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். பாதாள அறை என்றால் வீட்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுற்றிலும் மலை எழுந்து நின்றால், ஆகாயத்தின் கீழே இருக்கிற கிராமமும் பாதாள அறைதான்.

பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலை என்று ஒன்று உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலின் போது ஓட்டுப்பதிவு இயந்திரங்களை அந்த மலைக்குக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி போக அப்போது சாலை இல்லை. நிலவுக்குக் கலம் அனுப்புகிற தேசத்தில் ஜனநாயகம் கழுதை மேல் ஏறிப் போயிற்று. கழுதையைக் குறை சொல்ல மாட்டேன். அது தன் கடமையைச் செய்தது.

அதற்கு முந்தின வருஷம், 2020-இல், கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடின. பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் போனிலும் வந்தது. தமிழ்நாட்டின் மலைக் கிராமங்கள் பலவற்றில் குழந்தைகள் புத்தகத்தோடு பாறை உச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறினார்கள். எதற்கு? ஒரு கோடு, இரண்டு கோடு அலை கிடைக்காதா என்றுதான். அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்து நாம் 'என்ன ஆர்வம்!' என்று மெச்சினோம். ஆர்வந்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு குழந்தை பாடம் கேட்கக் கிளையில் தொங்க வேண்டியிருப்பது மெச்ச வேண்டிய விஷயமா?

பாடமாவது போகட்டும். 2008-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது! ஆனால் அதைக் கூப்பிடப் போன் வேண்டும். போனுக்கு அலை வேண்டும். அலை இல்லாத ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது ஒருவர் இருட்டில் மேடு ஏறி ஓட வேண்டும். நம் பேத்தி பதினான்கு படி ஓடினாள். அவர்கள் ஓட வேண்டியது எத்தனை படியோ!

இதற்கு என்ன செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோவது என்று திட்டம் போட்டு வேலை செய்திருக்கிறார்கள். போன் அலையே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கோபுரம் வைக்க மத்திய அரசாங்கம் 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு ரகசியம் விளங்கும். கோபுரம் வெறுமனே நின்றால் போதாது. அதன் காலடிக்குக் கம்பி வர வேண்டும். கம்பி வர முடியாத இடத்தில், இன்னொரு கோபுரத்தை அது நேருக்கு நேராகப் பார்த்து நிற்க வேண்டும். பரிசல்காரர் சொன்ன திருப்பத்துப் பாறை ஆள்தான், வேறொன்றுமில்லை.

கம்பியில்லாச் சேதிக்கு அஸ்திவாரம் கம்பிதான்! எவ்வளவு பக்கம் கம்பியைக் கொண்டுவந்து விடுகிறோமோ, அவ்வளவுக்குக் காற்றில் வருகிற அலை ஒழுங்காக வேலை செய்யும்.

இதைச் சொன்னதும் சிநேகிதர் மேஜையைத் தட்டுவதை நிறுத்தினார். முகத்தில் முப்பது வருஷம் குறைந்துவிட்டது.

"கம்பி இழுக்க வேண்டும் என்கிறீர்களா? அதை முதலிலேயே சொல்லக்கூடாதா? அது என் உத்தியோகம் ஐயா!"

பதினான்கு படி

மறுநாள் காலையில் வேலை ஆரம்பித்தது. கடையில் இருபது மீட்டர் லேன் கேபிள் வாங்கினோம். நூறு மீட்டர் வரைக்கும் அதில் சேதி சிந்தாமல் போகும். நமக்கு இருபதே ஏராளம். மேலேயுள்ள பெட்டியின் முதுகில் ஒரு முனை. படிக்கட்டு ஓரமாகச் சுவரோடு ஆணி அடித்து இறக்கி, கீழே இன்னொரு முனை. அந்த முனைக்குப் புதுப் பெட்டியா வாங்கினோம்? அதுதான் இல்லை. சிநேகிதர் முன்பு கழற்றிப் பரணில் போட்டிருந்த பழைய பெட்டியைத் தூசு தட்டி எடுத்தோம். அதன் உள்ளே ஓர் அமைப்பை மாற்றினால் அது வெறும் அலை பரப்புகிற பெட்டியாகிவிடுகிறது. கேபிள் கடைப் பையன் வந்து இரண்டு நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தான். செலவு சில நூறு ரூபாய்.

விளக்கு எரிந்தது. பெண் போனை எடுத்துப் பார்த்தாள். "வந்துடுச்சு தாத்தா!" என்று கத்தினாள். அந்தக் கத்தல் சிநேகிதருக்கே கேட்டுவிட்டது!

இன்னொன்றும் செய்தோம். இப்போதைய போன்கள் பலவற்றில் 'வைஃபை காலிங்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால், கோபுரத்து அலை இல்லாத இடத்திலும் வீட்டு வைஃபை வழியாகச் சாதாரணமாகப் பேசலாம். தனியாகச் செயலி வேண்டாம். பேத்தி கட்டிலில் உட்கார்ந்தபடியே தாத்தாவைக் கூப்பிட்டாள். மேலே மணி அடித்தது.

நீங்களும் இப்படிப்பட்ட கீழறையில் குடியிருந்தால் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலேயுள்ள பெட்டியை இரும்பு பீரோவுக்கும் மூலைக்கும் கொடுக்காமல், படிக்கட்டின் தலைப்பில் உயரமாக வையுங்கள். படிக்கட்டுத்தான் அலைக்கும் வாசல். கம்பி இழுக்க வழியே இல்லையென்றால் ரிப்பீட்டர் வாங்குங்கள். ஆனால் அதைக் கீழே வைக்காதீர்கள். படியின் நடுவில், அலை இன்னும் தெம்பாக இருக்கிற இடத்தில் மாட்டுங்கள். கம்பி இழுக்க முடிந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

எல்லாம் முடிந்து காபி சாப்பிடும்போது, அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பாட்டியம்மாள் கேட்டாள்:

"ஏனுங்க, கரண்டு போனா இந்தப் பெட்டி ரெண்டும் எரியுமா?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு ராத்திரி கரண்டும் அல்லவா போயிருந்தது! சர்வகலாசாலைப் பண்டிதர்கள் கேட்க மறந்த கேள்வியை அந்த அம்மாள் கேட்டுவிட்டாள்.

வைஃபை பெட்டிகளுக்கென்றே சின்ன பேட்டரிகள் கடையில் கிடைக்கின்றன. சாயங்காலமே மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வாங்கி மாட்டினோம். சிநேகிதர் அதோடு திருப்தியடையவில்லை. பேட்டரியில் ஓடுகிற அழைப்பு மணி ஒன்றை வாங்கி, கட்டில் தலைமாட்டில் பொத்தானும், தம் தலையணைக்கு மேலே மணியுமாக, இரண்டு இழைக் கம்பியைத் தம் கையாலேயே படி வழியாக இழுத்தார். எழுபத்தைந்து வயதில் ஏணி மேல் நின்று ஆணி அடித்த அழகைப் பார்த்திருக்க வேண்டுமே!

பாட்டியம்மாள் பொத்தானை அழுத்தினாள். மேலே டிரிங் என்றது. காது கேட்காத மனிதர், "கேட்கிறது, கேட்கிறது!" என்று படியில் இறங்கி வந்தார்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது அந்தி நேரம். பஸ் ஜன்னலில் மேற்கே மலைகள் நீலமாகத் தெரிந்தன. அவற்றின் மடிப்புகளில் எத்தனையோ ஊர்கள். அங்கேயும் முழங்கால் வலிக்கிற பாட்டிகளும், பிளஸ் டூ படிக்கிற பேத்திகளும் இருப்பார்கள். பென்னாகரத்தில் பதினான்கு படிக்கு இருபது மீட்டர் கம்பி போதுமாயிருந்தது. அந்த மலைகளுக்குக் கொஞ்சம் அதிகம் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்!